விடையைவிட அளக்கும் வழி சுவையான ஆய்வுகள்: உங்கள் தேர்வு எது?

ஒளிச்சிதறல் (இழையைத் தொடங்கியவர்)

ஆய்வாளர்களை மிகவும் ஈர்க்கும் ஆய்வு எது என்று கேட்டால் கருந்துளை, இருண்ட பொருள், உணர்வு என்று தலைப்புகள் மட்டும் வந்து வரிசையாக நிற்கும். இந்த இழையில் அது வேண்டாம். எதை அளக்கிறார்கள், எந்தக் கருவியால், எங்கே சறுக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் தேர்வு: தனி நியூட்ரானின் ஆயுட்காலம். அணுக்கருவுக்கு வெளியே வந்த நியூட்ரான் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் புரோட்டான், எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோ என மூன்றாக உடைகிறது. இதை அளக்க இரண்டு வழிகள். நியூட்ரான்களைக் குடுவையில் அடைத்து, சற்று நேரம் கழித்து எத்தனை மிச்சம் என்று எண்ணலாம். அல்லது நியூட்ரான் கற்றையை ஓடவிட்டு, வழியில் எத்தனை புரோட்டான் பிறக்கிறது என்று எண்ணலாம். முதல் வழி 877.8 விநாடி என்கிறது (2021, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம்). இரண்டாவது 887.7 விநாடி என்கிறது (2013, அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனம்). முதலாவதில் பிழை (அளவீட்டின் நிச்சயமின்மை) அரை விநாடிக்கும் கீழே, இரண்டாவதில் 2.2 விநாடி. ஆக 10 விநாடி இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிட வழியில்லை. ஒரே துகளுக்கு இரண்டு ஆயுள் எப்படி?

பெருவெடிப்புக்குப் பின் வந்த முதல் சில நிமிடங்களில் எவ்வளவு ஹீலியம் உருவானது என்ற கணக்கு இந்த எண்ணைச் சார்ந்தது. 10 விநாடி மாறினால் ஹீலியத்தின் நிறைப்பங்கு சுமார் 0.247 என்பதில் 0.002 நகரும். சிறிய எண்தான், ஆனால் இன்றைய வானியல் அளவீடுகள் அந்த இலக்கம் வரை வந்துவிட்டன.

---

குடுவைக்காரன்

குடுவை என்றதும் கண்ணாடிப் பாத்திரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. லாஸ் அலமோஸில் இருப்பது மேலே திறந்த குளியல் தொட்டி மாதிரி ஒன்று. உட்புறம் முழுக்க நிலைக்காந்தங்கள், பரப்பருகே புலம் சுமார் 1 டெஸ்லா. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, ஆனால் காந்தத் திருப்புத்திறன் உண்டு, அதுவே ஒரு குட்டிக் காந்தம். எனவே புலம் தடுப்புச் சுவராகிறது: டெஸ்லாவுக்கு 60 நானோ எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல் அலகு). ஈர்ப்பு விசை மீட்டருக்கு 102 நானோ எலக்ட்ரான் வோல்ட் எடுத்துக்கொள்ளும். எனவே அரை மீட்டர் ஆழத் தொட்டியில் சுமார் 50 நானோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த நியூட்ரான் மேலே ஏறித் தப்ப முடியாது. மூடியே வேண்டாம், பூமியே மூடி.

செய்முறை எளிமையாகத் தெரியும். நிரப்பு, 20 விநாடி வை, எண்ணு. மீண்டும் நிரப்பு, 1,550 விநாடி வை, எண்ணு. இரண்டுக்கும் விகிதம் எடு. ஆயுள் 877.8 என்றால் அந்த 1,530 விநாடி இடைவெளியில் 17.5 விழுக்காடு மிஞ்சும்.

சறுக்கல்கள் இவை:

தொட்டியின் ஆழத்தைவிடச் சற்றே கூடுதல் ஆற்றல் கொண்ட நியூட்ரான்கள் உடனே வெளியேறுவதில்லை. நூற்றுக்கணக்கான விநாடி சுற்றிவிட்டு ஒரு கட்டத்தில் விளிம்பைத் தாண்டும். அவை சிதைவாகக் கணக்கில் ஏறினால் ஆயுள் குறைவாகத் தெரியும். அதனால் நிரப்பியவுடன் பாலிஎத்திலீன் தகடு ஒன்றை மேலிருந்து இறக்கி, அந்த உயரம் வரை எம்பும் நியூட்ரான்களை எல்லாம் உறிஞ்சவிடுகிறார்கள். தொட்டியின் வடிவத்தை வேண்டுமென்றே சமச்சீரற்றதாகச் செய்திருப்பதும் இதற்காகத்தான். ஒழுங்கான பாதையில் சுற்றிக்கொண்டே தகட்டிலிருந்து ஒளிந்துகொள்ள நியூட்ரானுக்கு இடம் தரக்கூடாது.

அடுத்து, காந்தப்புலம் சுழியாகும் இடம் எங்காவது இருந்தால் நியூட்ரானின் தற்சுழற்சி புரண்டுவிடும். புரண்டால் காந்தம் அதைத் தள்ளாது, இழுக்கும். சுவரில் மோதி மறையும். எங்கும் சுழி வராதபடி கூடுதலாக ஒரு புலம் கொடுக்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குடுவையில் நடக்கும் பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும். ஓட்டை இருந்தால் ஆயுள் குறையும், கூடாது.

---

மூன்றாம் இலக்கம்

> ஓட்டை இருந்தால் ஆயுள் குறையும், கூடாது

கற்றையில் இதற்கு நேர் எதிர். அங்கே புரோட்டான் தப்பினால் சிதைவு குறைவாகத் தெரியும், ஆயுள் கூடிவிடும். புரோட்டான்களை மின்காந்தப் பொறியில் பிடித்து வைத்து, சில மில்லி விநாடிக்கு ஒருமுறை திறந்து உணரிக்கு அனுப்புகிறார்கள். அதில் நூற்றுக்கு ஒன்று தொலைந்தாலே 10 விநாடி வித்தியாசம் வந்துவிடும்.

இன்னொரு முனையில் நியூட்ரானையும் எண்ண வேண்டும். கற்றை ஒரு மெல்லிய லித்தியம்-6 படலத்தின் வழியே போகிறது. நியூட்ரான் பிடிபட்டால் ஆல்ஃபா, டிரைட்டான் (ஹீலியம், கன ஹைட்ரஜன் அணுக்கருக்கள்) இரண்டும் பறக்கும், அவற்றை எண்ணுவார்கள். படலத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை லித்தியம் அணு என்பது தவறினால் எல்லாமே தவறும். முதல் முடிவு (2005) 886.3, பிழை 3.4. நியூட்ரான் எண்ணியைத் தனியாக அளவுத்திருத்தம் செய்தபின் 887.7, பிழை 2.2. பிழை சுருங்கியது, எண் குடுவையை நோக்கி வரவில்லை.

எனவே "யாரோ தப்பு செய்துவிட்டார்கள்" என்று கடந்துபோவது எளிதல்ல. அப்படிப் போவதாக இருந்தால் எந்தத் தப்பு என்று காட்ட வேண்டும்.

---

அண்டவெளி

தப்பே இல்லாமலும் இருக்கலாமே? நூற்றுக்கு ஒரு நியூட்ரான் நாம் பார்க்க முடியாத இருண்ட துகளாகச் சிதைந்தால் கணக்கு அப்படியே பொருந்தும். குடுவை எல்லா வகை இழப்பையும் எண்ணும், கற்றை புரோட்டான் தரும் சிதைவை மட்டும் எண்ணும். 2018ல் இயற்பியலாளர்கள் ஃபோர்னலும் கிரின்ஸ்டைனும் இதைத்தான் சொன்னார்கள்.

---

மூன்றாம் இலக்கம்

அழகான யோசனை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதன் ஒரு வடிவத்தில் இருண்ட துகளோடு ஒரு காமா கதிரும் வரவேண்டும். அதே 2018ல் தேடினார்கள், எதிர்பார்த்த அளவில் எதுவும் சிக்கவில்லை. நியூட்ரான் விண்மீன்களும் இடைஞ்சல் தருகின்றன: அப்படி ஒரு வழி தாராளமாகத் திறந்திருந்தால் உள்ளழுத்தம் தளர்ந்து, சூரியனைப்போல் இரு மடங்கு நிறை கொண்ட நியூட்ரான் விண்மீன்கள் நிற்கவே முடியாது. அவை இருக்கின்றன. இருண்ட துகள்கள் ஒன்றையொன்று தள்ளும் என்று சேர்த்துக்கொண்டால் தப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு இடைஞ்சலுக்கும் ஒரு புது விதி ஒட்டிக்கொண்டே போனால் அது ஒட்டுப்போட்ட சட்டைதான்.

---

முறுக்குக்கம்பி

நியூட்ரானிலாவது இரண்டு முறைகளுக்கிடையில் மட்டும் சண்டை. ஈர்ப்பு மாறிலியின் நிலைமை இன்னும் மோசம். கேவண்டிஷ் 1798ல் முறுக்குத் தராசில் (மெல்லிய கம்பியில் தொங்கும் தண்டு, ஈர்ப்பால் கம்பி எவ்வளவு முறுக்குகிறது என்று பார்ப்பது) அளந்தார். இரு நூற்றாண்டு கழித்தும் பரிந்துரைக்கப்படும் மதிப்பு 6.67430, பிழை 0.00015 (10இன் அடுக்கு −11, எஸ்.ஐ. அலகில்). அதாவது மில்லியனில் 22 பங்கு. கடந்த சில பத்தாண்டுகளில் வந்த தனித்தனி அளவீடுகளோ 6.6723 முதல் 6.6755 வரை சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொருவரும் தம் பிழை மிகச் சிறியது என்கிறார்கள், எல்லோரும் சேர்ந்தால் ஒத்துப்போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பூமியின் நிறையையும் ஈர்ப்பு மாறிலியையும் பெருக்கி வரும் எண் செயற்கைக்கோள்களால் நூறு கோடியில் 2 பங்கு வரை துல்லியமாகத் தெரியும். பூமியின் நிறையைக் கிலோகிராமில் சொல்லச் சொன்னால்தான் தடுமாற்றம். தடுமாறுவது பூமி இல்லை, மாறிலி.

எங்கே பிழை நுழைகிறது என்று பார்ப்போம்.

தூரம்: இரு கோளங்களின் மையங்களுக்கிடையே 150 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 மைக்ரோமீட்டர் தவறினால், விசை தூரத்தின் இருமடியைச் சார்ந்தது என்பதால், மில்லியனில் 13 பங்கு போய்விடும். கோளத்தின் வடிவ மையமும் நிறை மையமும் ஒன்றாக இருக்கும் என்ற உறுதி இல்லை. உலோகத்துக்குள் சிறு வெற்றிடம் இருந்தாலும் மையம் நகரும். அதனால் கோளங்களைத் திருப்பித் திருப்பி வைத்து அளந்து சராசரி எடுக்கிறார்கள்.

சுற்றுப்புறம்: அருகில் நடமாடும் ஆட்களுக்கும் நிறை உண்டு. மழைக்குப் பின் நிலத்தடி நீர் ஏறினாலும் ஈர்ப்புச் சரிவு மாறும். வெப்பநிலை மாறினால் கம்பியின் விறைப்பு மாறும்.

கம்பி: இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊசல் ஆடும் காலத்தை அளக்கும் முறையில், கம்பி முழு மீள்தன்மை உடையது என்று எடுத்துக்கொண்டார்கள். 1995ல் இயற்பியலாளர் குரோடா காட்டியது: கம்பியின் உள்ளுராய்வால் விறைப்பு அதிர்வெண்ணோடு சற்றே மாறுகிறது, அதனால் மாறிலி கூடுதலாகத் தெரிகிறது. எவ்வளவு கூடுதல்? தரக்காரணியை (ஆட்டம் எவ்வளவு மெதுவாக அடங்குகிறது என்பதன் அளவு) பை-யால் பெருக்கி, அதன் தலைகீழ். டங்ஸ்டன் கம்பியின் தரக்காரணி 1,500 என்றால் மில்லியனில் 212 பங்கு! அன்றைய அளவீடுகள் சொன்ன பிழையைவிடப் பெரிது. பூச்சிட்ட சிலிகா இழைக்கு மாறினால் தரக்காரணி 50,000 அளவுக்குப் போகும், பிழை 6 பங்காகச் சுருங்கும்.

2018ல் சீனாவின் ஹுவாசோங் பல்கலைக்கழகத்தில் இரண்டு வெவ்வேறு முறைகளில் அளந்தார்கள். கிடைத்தவை 6.674184, 6.674484. இரண்டிலும் பிழை மில்லியனில் 12 பங்குக்குள். எண்களுக்கிடையே வேறுபாடோ 45 பங்கு. ஒரே குழு, ஒரே நிறுவனம், அப்படியும் ஒத்துவரவில்லை. அவர்கள் அதை மறைக்காமல் இரண்டையும் வெளியிட்டார்கள்.

---

நுண்ணுயிர்த்தோட்டம்

இயற்பியல்காரர்கள் தசமப் புள்ளிக்குச் சண்டை போடட்டும். உயிரியலில் இருந்து ஒன்று: உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் தொடங்கிய ஈ.கோலி (குடலில் வாழும் பாக்டீரியா) பரிணாமச் சோதனை. இதில் விலையுயர்ந்த கருவி எதுவும் கிடையாது, பொறுமைதான் கருவி.

ஒரே மூதாதையிலிருந்து 12 குடுவைகள். ஒவ்வொன்றும் 50 மி.லி. கொள்ளளவு, உள்ளே 10 மி.லி. ஊடகம். லிட்டருக்கு 25 மி.கி. குளுக்கோஸ் மட்டுமே, 37 டிகிரி, மெதுவாகச் சுழலும் ஆட்டி. தினமும் பழைய குடுவையிலிருந்து 0.1 மி.லி. எடுத்து 9.9 மி.லி. புது ஊடகத்தில் விட வேண்டும். நூறு மடங்கு நீர்த்ததால், திரும்ப நிறைய 6.64 தலைமுறை ஆகும் (2இன் அடுக்கு 6.64 என்றால் 100). 75 நாளுக்கு ஒருமுறை, அதாவது 500 தலைமுறைக்கு ஒருமுறை, கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். உறைந்தவை சாவதில்லை. எனவே மூதாதையையும் கொள்ளுப்பேரனையும் ஒரே குடுவையில் மோதவிடலாம். விலங்குகளை வைத்துச் செய்யும் பரிணாம ஆய்வுகளில் இவ்வளவு எளிதாகக் கிடைக்காத வசதி இது.

பெரிய ஆபத்து ஒரு குடுவையின் துளி இன்னொன்றில் விழுவது. அதற்கு ஒரு எளிய தந்திரம்: 12இல் ஆறு அரபினோஸ் சர்க்கரையைச் செரிக்கும், ஆறு செரிக்காது. டெட்ராசோலியம் என்ற நிறங்காட்டி கலந்த தட்டில் பரப்பினால் செரிக்காதவை சிவப்பு, செரிப்பவை வெளிர்நிறம். தினமும் மாற்றும்போது ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசைப்படுத்துகிறார்கள். அடுத்த குடுவைக்குத் துளி போயிருந்தால் தட்டில் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

2003ல் ஒரு குடுவை திடீரென்று அதிகம் கலங்கியது. முதல் சந்தேகம் மாசு. ஊடகத்தில் லிட்டருக்கு 500 மி.கி. சிட்ரேட் எப்போதும் இருந்தது, ஆனால் ஆக்ஸிஜன் உள்ளபோது ஈ.கோலி அதைத் தின்னாது. அதுவே அந்த இனத்தை அடையாளம் காணும் குறிகளில் ஒன்று. மரபணுக் குறிகளைப் பார்த்தபோது வெளியிலிருந்து வந்தது அல்ல, அதே வம்சம்தான் என்று தெரிந்தது. சுமார் 31,500ஆம் தலைமுறையில் சிட்ரேட் தின்னக் கற்றிருக்கிறது.

---

ஒளிச்சிதறல்

அருமை. அது ஒரே ஒரு அரிய திரிபா, அல்லது முன்னேற்பாடு தேவைப்பட்டதா? பிரித்துப் பார்க்க முடிந்ததா?

---

நுண்ணுயிர்த்தோட்டம்

உறைபெட்டி இருப்பதே அதற்குத்தான். வெவ்வேறு தலைமுறைகளிலிருந்து உயிர்ப்பித்து, வரலாற்றை மீண்டும் ஓடவிட்டார்கள் (பிளவுண்ட், லென்ஸ்கி குழு, 2008). சுமார் 20,000 தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்துதான் சிட்ரேட் தின்னிகள் மறுபடி தோன்றின. ஆக முதலில் ஏதோ ஒரு திரிபு வந்து களத்தைத் தயார் செய்திருக்க வேண்டும். 2012ல் மரபணுத்தொகுதியைப் படித்தபோது இறுதி அடி தெரிந்தது: சிட்ரேட்டை உள்ளே கடத்தும் மரபணு இரட்டித்து, அதன் நகல் ஆக்ஸிஜன் இருக்கும்போதும் இயங்கும் வேறொரு தூண்டுபகுதியின் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) கீழ் போய் உட்கார்ந்திருக்கிறது.

தகுதியை எப்படி எண்ணாக்குகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வகையையும் முதலில் ஒரு நாள் தனித்தனியே அதே ஊடகத்தில் பழக்க வேண்டும். உறைபெட்டியிலிருந்து நேராக எடுத்தால் விழித்தெழும் தாமதம் கணக்கைக் கெடுக்கும். பிறகு சமமாகக் கலந்து, தொடக்கத்திலும் ஒரு நாள் கழித்தும் தட்டில் எண்ண வேண்டும். தொடக்கத்தில் 200:200, முடிவில் 260:140 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மடங்கு வளர்ச்சியைச் சேர்த்தால் ஒன்று 130 மடங்கு, மற்றது 70 மடங்கு பெருகியிருக்கிறது. இயல் மடக்கை 4.87, 4.25. விகிதம் 1.15. இதுதான் சார்புத் தகுதி. கவனம்: 200 குடியிருப்பு எண்ணினால் எண்ணும் பிழையே 7 விழுக்காடு. ஒரே ஒரு தட்டை வைத்து "தகுதி கூடிவிட்டது" என்று சொல்லக்கூடாது.

---

அண்டவெளி

மாசு என்று சந்தேகப்பட்டார்களே, அந்தப் புத்தி எல்லோருக்கும் இருந்திருந்தால் ஒளியை முந்திய நியூட்ரினோ என்று 2011ல் கூத்து நடந்திருக்காது. ஒரு இணைப்பைச் சரியாகச் செருகாததற்கு உலகமே ஐன்ஸ்டைனைச் சந்தேகித்தது.

---

முறுக்குக்கம்பி

அதைச் செய்த ஓபரா என்ற நியூட்ரினோச் சோதனையை அப்படி இளக்காரமாகப் பேச வேண்டாம், அதில் கற்க நிறைய இருக்கிறது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்துக்கு 730 கி.மீ. நியூட்ரினோ 60 நானோ விநாடி முன்னதாக வந்ததாகத் தெரிந்தது. ஜி.பி.எஸ். நேரக்குறியை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் 8.3 கி.மீ. ஒளியிழையின் முனை முழுதாக முறுக்கப்படவில்லை. ஒளி குறைந்ததால் ஒளியுணரியின் மின்துடிப்பு மெதுவாக ஏறி, வாசல் அளவைத் தாமதமாகத் தொட்டது. தாமதம் சுமார் 73 நானோ விநாடி. கடிகாரம் பிந்தினால் வந்து சேர்ந்த துகள் முந்தியதாகத் தெரியும். இன்னொரு அலையியற்றியின் பிழை எதிர்த்திசையில் 15. கழித்தால் ஏறக்குறைய 60.

சந்தேகம் வந்து அவர்கள் சும்மா இருக்கவில்லை. புரோட்டான் துடிப்பின் வடிவம்தான் ஏமாற்றுகிறதோ என்று மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பி 20 நிகழ்வுகளை மீண்டும் அளந்தார்கள். அதே விடை வந்தது. வரத்தானே செய்யும்? அந்தச் சோதனை துடிப்பின் வடிவத்தை மாற்றியது, கடிகாரச் சங்கிலியைத் தொடவில்லை. பழுது எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதை மாற்றாத மறுசோதனை எத்தனை முறை செய்தாலும் அதே பழுதைத்தான் உறுதிசெய்யும். கடைசியில் உதவியது அதே ஆய்வகத்தில் இருந்த வேறொரு உணரி. இரண்டையும் கடந்துபோன கிடைமட்ட மியூவான்களின் (விண்கதிர்களால் உருவாகும் துகள்கள்) பழைய பதிவுகளை ஒப்பிட்டபோது, 2008 முதல் ஓபராவின் கடிகாரம் விலகியிருந்தது தெரிந்தது.

---

மூன்றாம் இலக்கம்

இதே குடும்பத்தில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியின் "பெரிட்டான்" குறிகைகள். தொலைவிலிருந்து வரும் வானொலி வெடிப்புபோலவே அதிர்வெண் சரிந்துகொண்டே வரும். ஆனால் பெரும்பாலும் பணி நேரத்தில்தான் வரும்! 2015ல் கண்டுபிடித்தார்கள்: மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடிவதற்குள் கதவைத் திறந்தால் மின்காந்தக்குழாய் அணையும் கணத்தில் ஒரு துடிப்பு வெளியேறுகிறது. தொலைநோக்கியும் அதற்கு ஏற்ற கோணத்தில் திரும்பியிருந்தால் பதிவாகும். உண்மையான வானொலி வெடிப்புகள் வேறு, அவை விண்ணிலிருந்து வருபவை என்று உறுதியாகிவிட்டது. ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோவின் ஹான்ஃபர்டு கூடத்தில் நைட்ரஜன் குழாயில் படிந்த பனியை அண்டங்காக்கைகள் கொத்தியது தரவில் தெரிந்த கதையும் உண்டு. அங்கே 4 கி.மீ. கையின் நீளம் 4 அட்டோமீட்டர் மாறினாலே குறிகை. காக்கை அதற்குப் பெரிய ஆள்.

---

எலும்புத்தூள்

மாசு என்ற சொல் வந்ததால் சொல்கிறேன்: தொல் டி.என்.ஏ. துறை முழுவதும் மாசோடு நடக்கும் போர்தான். 1994ல் 8 கோடி ஆண்டு எலும்பிலிருந்து டைனோசர் டி.என்.ஏ. என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அது மனித மரபணு என்று தெரிந்துவிட்டது. அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012ல் கணித்தபடி, 13 டிகிரியில் 242 இணை (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) நீளத் துண்டு பாதியாகக் குறைய 521 ஆண்டு. எட்டுக் கோடி ஆண்டில் என்ன மிஞ்சும்? கிரீன்லாந்தின் உறைமண்ணிலேயே 20 லட்சம் ஆண்டுதான் இதுவரை எட்டிய எல்லை.

இப்போதைய செய்முறை: காதின் உள்ளெலும்பில்தான் டி.என்.ஏ. அதிகம் தங்கும். மேற்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளிருந்து 50 மி.கி. தூள். துளைப்பான் வேகம் குறைவாக இருக்க வேண்டும், சூடேறினால் டி.என்.ஏ. போய்விடும். 1 மி.லி. ஈ.டி.டி.ஏ. கரைசலில் (0.45 மோலார்) புரோட்டினேஸ்-கே சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலவிடுவார்கள். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தை இழுக்கும், நொதி புரதத்தை அறுக்கும். பிறகு குவானிடின், ஐசோபுரொப்பனால் கலவையில் சிலிகாவோடு ஒட்டவைத்துக் கழுவி எடுப்பார்கள். பழைய கலவைகள் 50 இணைக்குக் குறைந்த துண்டுகளை நழுவவிட்டன. தொல் டி.என்.ஏ.யில் பெரும்பகுதியே அந்த அளவுதான். 2013 வாக்கில் கலவையின் விகிதத்தை மாற்றியதும் அதுவரை வெறுமை என்று ஒதுக்கிய எலும்புகள் பேசத் தொடங்கின. எலும்பே போடாத வெற்றுக்குழாய் ஒன்றும் எல்லாப் படிகளிலும் கூடவே போக வேண்டும். அதில் டி.என்.ஏ. வந்தால் அந்தத் தொகுதி முழுவதும் சந்தேகம்தான்.

---

குடுவைக்காரன்

கிடைத்தது மனித டி.என்.ஏ., மாதிரியும் மனித எலும்பு என்றால்? தொட்டவர் யார், இறந்தவர் யார் என்று எப்படிப் பிரிப்பது?

---

எலும்புத்தூள்

சேதமே அடையாளம். காலப்போக்கில் டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் அமினோ இழந்து யுராசில் ஆகிறது, வாசிக்கும்போது தைமின் என்ற வேறு எழுத்தாகத் தெரியும். இது துண்டின் முனைகளில்தான் அதிகம். முனையில் சைட்டோசின் இருக்க வேண்டிய இடங்களில் கணிசமான பங்கு தைமினாக இருந்து, உள்ளே போகப் போகக் குறைந்தால் பழையது. நேற்று கைபட்ட டி.என்.ஏ.யில் அந்தச் சரிவு இருக்காது. ஆனால் ஒரு பொறி உண்டு: பழையதும் புதியதும் கலந்திருந்தாலும் சரிவு தெரியும், சற்று மழுங்கலாக. எனவே சரிவு "பழையது இருக்கிறது" என்று மட்டும் சொல்லும், "புதியது இல்லை" என்று சொல்லாது.

அதற்கு வேறு கணக்கு. இறந்தவர் ஆண் என்றால் அவருக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். ஒரே இடத்தில் இரண்டு வகை எழுத்து வந்தால் ஒன்று வாசிப்புப் பிழை, அல்லது இன்னொருவருடையது. மனிதரிடையே வேறுபடும் என்று தெரிந்த இடங்களில் இந்த முரண் எவ்வளவு, பக்கத்திலுள்ள மாறாத இடங்களில் எவ்வளவு என்று ஒப்பிட்டால் வாசிப்புப் பிழை கழிந்து மாசின் பங்கு கிடைக்கும். பெண் எலும்புக்கு இந்த வழி இல்லை, பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவை (உட்கருவுக்கு வெளியே தனி டி.என்.ஏ. கொண்ட செல் உறுப்பு) வைத்துப் பார்க்கிறார்கள். அதில் ஒரு குறை: மைட்டோகாண்ட்ரியாவும் உட்கரு டி.என்.ஏ.யும் ஒரே விகிதத்தில் மாசுபட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

---

ஒளிச்சிதறல்

முதல் பதிவுக்குத் திரும்புகிறேன். பழுதுள்ள பகுதியை மாற்றாத மறுசோதனை பற்றி முறுக்குக்கம்பி சொன்னதை வைத்துப் பார்த்தால், நியூட்ரான் வழக்கை முடிக்க இன்னொரு குடுவை கட்டுவதில் பயன் குறைவு இல்லையா?

---

மூன்றாம் இலக்கம்

காந்தக் குடுவையும் சுவர்க் குடுவையும் (காந்தமின்றி, நியூட்ரான் சுவரில் மோதித் திரும்பும் வகை) ஏற்கெனவே ஏறக்குறைய ஒரே பக்கம் நிற்கின்றன. இழப்பு முறை வேறாக இருந்தும் விடை நெருங்குவதால் குடுவைப் பக்கம் ஓட்டை என்ற சந்தேகம் தளர்கிறது. தேவைப்படுவது புரோட்டானை நம்பாத ஒரு கற்றை. ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கி மையத்தில் அந்த வழியில்தான் போகிறார்கள்: கற்றை ஒரு வாயு அறைக்குள் ஓடும், சிதைவில் பிறக்கும் எலக்ட்ரானின் தடத்தை எண்ணுவார்கள். அதே வாயுவில் மிகச் சிறிதளவு ஹீலியம்-3 கலந்திருக்கும், அது நியூட்ரான்களை எண்ணும். இரண்டு எண்ணிக்கையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். லித்தியம் படலமும் இல்லை, புரோட்டான் பொறியும் இல்லை. அங்கே காவல் காக்க வேண்டியது ஹீலியம்-3இன் அளவையும், அறைச் சுவரிலிருந்து கிளம்பும் காமா கதிர்கள் தட்டிவிடும் பொய் எலக்ட்ரான்களையும்தான்.